டார்ச் பிடித்தவன்

விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டி இடது பக்கம் வரிசையாக இருக்கும் பட்டறைகளில் மூன்றாவதில், ஒரு லாரிக்கு அடியில் மல்லாந்து கிடந்தான் இருதயராஜ். எதிலோ இடித்து நெளிந்திருந்த மட்கார்டு தகரத்தை உள்பக்கமிருந்து மரச் சுத்தியால் தட்டிக்கொண்டிருந்தான். ஒரு தட்டு, விரலால் ஒரு தடவல். மறுபடி ஒரு தட்டு. பட்டறைக்காரர் பெரியசாமிக்கு இந்தத் தடவல்தான் ஆகவே ஆகாது. "லாரி மட்கார்டுய்யா அது, கல்யாணப் பொண்ணு கன்னமா? அடிச்சிட்டு ஜல்தியா வெளிய வா" என்று நாளைக்கு நாலு தடவையாவது கத்துவார். பதினாலு வருஷம் விமானத்தின் தோலைத் தடவிப் பழகிய விரல். லாரிக்கென்று தனியாக மாறுமா?

அன்றைக்கு அவர் கத்தவில்லை. குனிந்து செல்போனை லாரிக்கு அடியில் நீட்டினார். "உன் பொண்ணுய்யா. என்னமோ அவசரமாம்."

"அப்பா, பேப்பர் பாத்தியா?" வெனிலாவுக்கு மூச்சு வாங்கியது. பிளஸ் டூ எழுதிவிட்டுத் திண்டிவனத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்கு உட்கார்ந்திருந்தாள். "பாண்டிச்சேரிக்கு பிளேன் வுடப் போறாங்களாம்ப்பா. காத்தாடி பிளேனு. நீ தட்டான் தட்டான்னு சொல்லுவியே, அத செஞ்ச கம்பெனியோட பிளேன்தான். டெக்னீசியன் எடுக்கறாங்க. ஐ.டி.ஐ. இருந்தா போதும்."

எழப் போய் அச்சில் நெற்றியை இடித்துக்கொண்டான் இருதயராஜ். "வயசு இன்னா போட்ருக்கான்?"

"நாப்பத்தஞ்சுக்குள்ள. உனக்கு ஆகஸ்ட்லதான முடியுது? இப்ப மே மாசம். இத வுட்டா அவ்ளோதாம்ப்பா. ஆனா ஒண்ணு, அந்த பிளேன்ல கைப்பட வேலை செஞ்சதா லைசென்ஸ் இருக்கற இன்ஜினியர் ஒருத்தர் லெட்டர் குடுக்கணுமாம்."

"இவ்ளோதானா? நம்ம விருத்தாசலம் அய்யா விழுப்புரத்துலதான இருக்காரு. நாளைக்கே போய் வாங்கிக்கினு வந்துடறேன்."

சொல்லிவிட்டு மறுபடியும் லாரிக்கு அடியிலேயே படுத்துக்கொண்டான். சுத்தியைத் தொடவில்லை. ஐந்து வருஷமாக நினைக்கக் கூடாது என்று மூட்டை கட்டி வைத்திருந்ததெல்லாம் அவிழ்ந்து கொட்டியது.

தொண்ணூற்று நாலு, தை மாதம். மீனம்பாக்கத்தில் அந்தப் புது விமானம் வந்து இறங்கிய காலையை அவன் சாகும்வரை மறக்க மாட்டான். விமானம் ஓட்டும் கம்பெனியில் அவன் ஹெல்ப்பராகச் சேர்ந்து இரண்டே மாதம். எல்லாரும் விமானத்தைப் பழுதுபார்க்கும் ஹேங்கர் கொட்டகை வாசலில் வரிசையாக நின்றார்கள். உடம்புக்கு மேலே இறக்கை, இறக்கைக்கு ஒன்றாக இரண்டு காத்தாடி, பின்னால் ஒல்லியாக நீண்ட வால். "ஏய், தட்டாண்டா!" என்று இருதயராஜ் வாய்விட்டுக் கத்திவிட்டான். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். கம்பெனிக்காரர்கள் அதற்கு எழுத்தும் நம்பருமாக ஏதோ பேர் வைத்திருந்தார்கள். ஹேங்கரில் கடைசிவரை அது தட்டான்தான்.

நாற்பத்தெட்டு சீட்டு. கோயம்புத்தூர், மதுரை, தூத்துக்குடி என்று, பெரிய விமானங்கள் சீந்தாத நேரத்தில்கூட அது போய்வந்தது. உள்ளே ஏறினால் புதுக்குடை விரித்த வாசனை. முதல் வாரம் இருதயராஜ் சீட்டுகளுக்கு நடுவே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடந்தான். மயிலத்துக்குப் பக்கத்துக் காலனியில், ஊரார் நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கிய மரியஅந்தோணியின் மகன். சின்ன வயசில் விமானத்தின் வயிற்றை மட்டும்தான் பார்த்திருக்கிறான். இப்போது அதன் முதுகில் ஏறி உட்கார்ந்து துடைத்தான். அந்தச் சந்தோஷத்தை யாரிடம் போய்ச் சொல்ல?

விமானம் புதுசு என்றால் முழுசாக முடிந்தது என்று அர்த்தமில்லை. அது அவனுக்கு அங்கேதான் தெரிந்தது. செய்த கம்பெனியிலிருந்து உயரமான ஒரு வெள்ளைக்காரர் கூடவே வந்து ஒரு வருஷம் தங்கினார். கையில் பச்சை அட்டை போட்ட நோட்டு. மெட்ராஸ் வெயிலில் கதவு ரப்பர் இளகினால் எழுதுவார். ஓடாமல் நிற்கும்போது ஏ.சி. திணறினால் எழுதுவார். எழுதியதெல்லாம் ஃபேக்டரிக்குப் போகும். அடுத்து செய்கிற விமானத்தில் அதைச் சரிசெய்வார்களாம். "புள்ள பொறந்துடுச்சு, இன்னும் தொப்புள்கொடி அறுக்கலடா" என்பார் விருத்தாசலம்.

விருத்தாசலம் ஹேங்கர் இன்ஜினியர். விழுப்புரத்துக்காரர். இவனைவிடப் பதினேழு வயது மூத்தவர். சனிக்கிழமை சாயங்காலம் தாம்பரத்தில் ஒரே பாசஞ்சரில்தான் ஏறுவார்கள். திண்டிவனத்தில் இவன் இறங்கிக்கொள்வான், அவர் ஊர் வரைக்கும் போவார். வழி முழுக்க அவிச்ச மல்லாட்டையும் விமானப் பேச்சும்தான். நல்ல மனுஷன். ஆனால் விரல்கள் ஒவ்வொன்றும் வாழைக்காய் தடிமன். தட்டானின் இண்டு இடுக்குகளில் அந்தக் கை நுழையாது, இருதயராஜின் கைதான் நுழையும். நாளாக நாளாகக் கழற்றுவது, மாட்டுவது, முடுக்குவது எல்லாம் இவன் என்று ஆயிற்று. வேலை முடிந்ததும் அதற்கான அட்டையில் விருத்தாசலம் முத்திரை குத்திக் கையெழுத்துப் போடுவார். ஹெல்ப்பர் பேருக்கு அந்த அட்டையில் இடமே கிடையாது.

"கை உன்னுது, முத்திரை என்னுது. ரெண்டும் சேந்தாத்தாண்டா பிளேன் பறக்கும்" என்று சிரிப்பார் அவர். இருதயராஜுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அந்த வருஷம் கார்த்திகையில்தான் குளவி விவகாரம் வந்தது. புயல் மழையில் தட்டான் இரண்டு நாள் வெளியே நின்றது. மூன்றாம் நாள் பயணிகளை ஏற்றிக்கொண்டு ரன்வேயில் ஓடினால், பைலட்டுக்கு முன்னால் வேகம் காட்டும் முள் அசையவே இல்லை. திரும்பி வந்துவிட்டார்கள். விமானத்தின் மூக்குப் பக்கம் விரல் நீளத்தில் ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். எதிர்க்காற்று அதற்குள் நுழைகிற வேகத்தை வைத்துத்தான் அந்த முள் ஓடும். குழாயைப் பார்த்தால் உள்ளே மண் அடைத்திருந்தது. கழுவி மாட்டினார்கள். பத்து நாளில் மறுபடியும் மண். அப்புறம் மூன்றாவது தடவை.

"மழையில ரன்வே சேறு தெறிக்குது" என்று வெள்ளைக்காரரும் விருத்தாசலமும் முடிவுகட்டினார்கள். முன்சக்கரத்துக்கு ஒரு மட்கார்டு செய்து அனுப்பச் சொல்லி ஃபேக்டரிக்கு எழுத ஏற்பாடாயிற்று.

குழாயிலிருந்து குத்தி எடுத்த மண்ணைத் துடைக்க வந்தவன் இருதயராஜ். அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். ரன்வேயில் ஏது செம்மண்? மெதுவாக உடைத்தால், நடுவில் ஒரு பச்சைப் புழு சுருண்டு கிடந்தது. உயிர் இருந்தது, அசைவு இல்லை. இதைப் பார்த்தும் தெரியாவிட்டால் அவன் கூரை வீட்டில் பிறந்தவனா? குளவி முட்டை வைத்துவிட்டு, பொரிந்து வரும் குஞ்சுக்குத் தீனியாகக் கொட்டி மயக்கிய புழுவையும் வைத்து மூடும் கூடு அது.

"அய்யா, இது சேறு இல்லீங்க. குளவிக்கூடு."

"போடா. பிளேன் நிக்கும்போதுதான் கொழாய்க்குத் துணி ஒற மாட்டி வச்சிருக்கமே, குளவி எங்க பூரும்?"

அதுதான் கேள்வி. மறுநாள் வேலை இல்லாத நேரத்தில் தட்டானின் மூக்குக்கு அடியில் கழுத்தை அண்ணாந்து நின்றான். அரை நாள் நின்றான். வேலையற்றவன் பூனையைச் சிரைத்த கதை என்று மற்ற ஹெல்ப்பர்கள் கேலி பேசினார்கள். பதினோரு மணிவாக்கில் ஒரு கருங்குளவி ரீங்காரம் போட்டுக்கொண்டு வந்தது. ஹேங்கர் பக்கத்தில் ஒழுகிய குழாயடியில் உருண்டை பிடித்த ஈரமண் அதன் வாயில் இருந்தது. உறையில் உட்கார்ந்தது, தலைகீழாக நடந்தது, அடிப்பக்கம் போயிற்று, காணவில்லை. மழைத் தண்ணீர் வடியட்டும் என்று உறையின் அடியில் விமானம் செய்த கம்பெனிக்காரர்களே ஒரு ஓட்டை விட்டிருந்தார்கள்.

ஓட்டையை அடைத்தால் தண்ணீர் நிற்கும். அடைக்காவிட்டால் குளவி. ராத்திரி பல்லாவரம் அறையில் கொசுவலைக்குள் படுத்திருந்தபோது இருதயராஜ் எழுந்து உட்கார்ந்து சிரித்துவிட்டான். வலையின் ஓரத்தில் கைக்குட்டை அளவு வெட்டி எடுத்தான். காலையில் அதை உறையின் ஓட்டையில் வைத்துத் தன் கையாலேயே தைத்தான். தண்ணீர் இறங்கும், குளவி ஏறாது. உறைக்கு மேல் கீழ் என்று இருக்கிறது, வலை கீழ்ப்பக்கம் வரும்படி மாட்டவேண்டும், அவ்வளவுதான். அப்புறம் திண்டிவனம் டெய்லர் ராஜாமணியிடம் கொடுத்துப் பத்து உறை தைத்து வாங்கி வந்தான். மழைக்காலம் முடிகிறவரை ஒரு நாள்கூடக் குழாய் அடைக்கவில்லை.

வலை தைப்பதற்கு முன்னால் குழாயில் கடைசியாகக் கட்டியிருந்த கூட்டை உடையாமல் எடுக்கும்போது மட்டும் சிலுவை போட்டுக்கொண்டான். வீட்டில் குளவி கூடு கட்டினால் பிள்ளை பிறக்கும், கலைத்தால் பாவம் என்பார்கள் அவன் ஊரில். கல்யாணமாகி மூன்று வருஷமாக அருள்ராணி மெழுகுவத்தி ஏற்றாத கோயில் இல்லை. கூட்டைத் தீப்பெட்டியில் பஞ்சு வைத்துக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தான். "பிளேன்ல கட்டுன கூடு நம்ம வீட்டுக்கு செல்லுமா?" என்று அவள் சிரித்தாள். ஆனாலும் மாதா படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்தாள். அடுத்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு மறுநாள் வெனிலா பிறந்தாள்.

எல்லாம் சரி. அந்த ஒரு நாள்தான் புத்தி கெட்டுப்போயிற்று.

வெள்ளைக்காரர் உறையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். இருதயராஜின் தோளில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். பிறகு பச்சை நோட்டைத் திறந்து பேனா மூடியைக் கழற்றினார். "நேம்?" என்றார். "ஹூ டிட் திஸ்? நேம்?" விருத்தாசலம் அப்போது கேன்டீனுக்குப் போயிருந்தார்.

பேனாவைக் கண்டதும் இருதயராஜ் ஒரு எட்டு பின்னால் நகர்ந்தான். பேர் எழுதுகிறவர்களை அவனுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் லீடர் போர்டில் பேர் எழுதினால் பிரம்படி. ஊரில் தேர்த் தகராறு நடந்தபோது போலீஸ்காரர் காலனிக்கு வந்து பேர் எழுதிக்கொண்டு போனார். அப்பா நாலு வருஷம் திண்டிவனம் கோர்ட்டுக்கு நடந்தார். போன மாதம் ஹேங்கர் செக்யூரிட்டி இரண்டு ஹெல்ப்பர்கள் பேரை எழுதினார், சனிக்கிழமை இரண்டு பேருக்கும் வேலை இல்லை. பேர் எழுதி எவன் நன்றாக இருந்தான்? அதிலும் இவன், கம்பெனி உறையை யாரையும் கேட்காமல் ஊசி நூல் போட்டுத் தைத்தவன். தவிர, அய்யா இருக்கும்போது சொந்தப் பேரைச் சொல்வது மரியாதையும் இல்லை.

"விருத்தாசலம் சார்" என்றான். "இன்ஜினியர். மிஸ்டர் விருத்தாசலம்." வெள்ளைக்காரருக்கு எழுத்து பிடிபடவில்லை. இருதயராஜே பேனாவை வாங்கி, ஒவ்வொரு இங்கிலீஷ் எழுத்தாக அந்தப் பேரை எழுதிக் கொடுத்தான்.

கேன்டீனிலிருந்து வந்த விருத்தாசலம் கேட்டதும் பதறினார். "ஏண்டா என் பேரச் சொன்ன? எதனா ஏடாகூடமாச்சுன்னா என் தலையா உருளணும்?" என்று ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

எட்டு மாதம் கழித்து ஃபேக்டரியிலிருந்து கெட்டி அட்டையில் ஒரு பாராட்டுப் பத்திரம் வந்தது. வெப்ப நாடுகளில் ஓடும் அந்த வகை விமானம் எல்லாவற்றுக்கும் இனி வலை வைத்த உறைதான் என்று உலகம் முழுக்கச் சுற்றறிக்கை போயிற்று. கீழே, யோசனை சொன்னவர், மெட்ராஸ் விருத்தாசலம். ஹேங்கரில் லட்டு கொடுத்தார்கள். விருத்தாசலம் இருதயராஜைத் தனியாக அழைத்துக் கூட இரண்டு லட்டு கொடுத்தார். கண் கலங்கியிருந்தது அவருக்கு. இவனுக்கும் சந்தோஷம்தான், பொய்யில்லை. தட்டானுக்குச் செய்தது உலகத்துத் தட்டான்களுக்கெல்லாம் போகிறதே!

இரண்டாயிரத்து எட்டில் அவன் வேலை பார்த்த கம்பெனி மூடியது. வாடகைக்கு விட்டவர்கள் வந்து தட்டானை ஓட்டிக்கொண்டு போனார்கள். கடைசியாகச் சக்கரத்துக்குக் கீழிருந்து கட்டையை எடுத்தவன் இருதயராஜ். காத்தாடிக் காற்று முகத்தில் அடித்ததில் கண்ணில் தண்ணீர் வந்தது என்று வீட்டில் சொல்லிக்கொண்டான்.

மறுநாள் விழுப்புரத்தில் ஸ்டேஷனுக்குப் பின்னால் விருத்தாசலத்தின் வீட்டைக் கண்டுபிடிக்கப் பத்து மணியாகிவிட்டது. அவர் வாசலுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். சர்க்கரை நோயில் ஆள் பாதியாகியிருந்தார். விரல் மட்டும் அதே வாழைக்காய்.

"இருதயம்! வாடா வாடா. எளச்சிட்டியேடா. நம்ம தட்டான் எங்க இருக்கு தெரியுமா? ஆப்பிரிக்கால ஓடிக்கினு இருக்காம். நேத்திக்கிக்கூட நெனச்சேன்."

"நானும் நெனைக்காத நாள் இல்லீங்கய்யா."

சோபாவில் பக்கத்திலேயே உட்காரவைத்தார். எதிர்ச் சுவரில் கண்ணாடி போட்டு அந்தப் பாராட்டுப் பத்திரம். மருமகள் பிரபாவதி காப்பி கொண்டுவந்தாள். இவன் அதையே பார்ப்பதைக் கண்டு அவளுக்கு உற்சாகமாகிவிட்டது.

"மாமா கண்டுபிடிச்சதுங்க. பிளேன் மூக்குல குளவி கூடு கட்டிடிச்சாம். வெள்ளக்காரனுக்கே தெரியலயாம். மாமா அரை நாள் அண்ணாந்தே நின்னு பாத்திருக்காங்க. அப்புறம் கொசுவலைய வெட்டி அவங்க கையாலயே தச்சி… நீங்க சொல்லுங்க மாமா."

இருதயராஜ் விருத்தாசலத்தின் முகத்தைப் பார்த்தான். ஒரு கண் சிமிட்டல், ஒரு சிரிப்பு, ஏதாவது வரும் என்று காத்திருந்தான். அவர் காப்பியை ஆற்றினார்.

"குளவிச் சத்தம் எனக்கு நல்லாக் கேட்டுச்சும்மா" என்றார் மெதுவாக. "பதினோரு மணி இருக்கும். கறுப்புக் குளவி." அப்புறம் இவன் முழங்காலில் தட்டினார். "இவன் அப்ப என்கூடத்தான் இருந்தான். டார்ச் புடிச்சான். இல்லடா?"

மருமகள் நின்றுகொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்த மருமகள் எதிரில் மாமனாரைப் பொய்யன் ஆக்கலாமா? காப்பி வேறு குடித்துக்கொண்டிருந்தான்.

"ஆமாங்கய்யா" என்றான்.

லெட்டர் விஷயத்தைச் சொன்னதும் அவர் தயங்கவே இல்லை. "உனக்குச் செய்யாம வேற யாருக்குடா செய்யப் போறேன்" என்று உள்ளே போனவர் அரைமணி கழித்து வந்தார். லைசென்ஸ் நம்பர் போட்டு, பழைய முத்திரை குத்தி, கவரில் போட்டு ஒட்டிக் கையில் கொடுத்தார். பஸ்ஸுக்குப் போகும்போது தெருமுனை வரை கூட நடந்து வந்தார்.

வீட்டில் வெனிலாதான் கவரைப் பிரித்தாள். இங்கிலீஷ். மனதுக்குள் ஒரு முறை படித்தாள். அருள்ராணி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

"வாய்விட்டுப் படியேண்டி."

"நல்லவரு, நேரம் தவறாம வருவாரு, ஹேங்கர சுத்தமா வச்சிக்குவாருன்னு எழுதியிருக்காரும்மா." அவள் குரல் இறங்கியது. "நான் வேலை செய்யும்போது பதினாலு வருஷம் பக்கத்துல நின்னு டார்ச் புடிச்சாருன்னு போட்டிருக்காரு. கைப்பட செஞ்சாருன்னு எங்கயுமே இல்ல."

"பாவி மனுஷன்!" என்று வெடித்தாள் அருள்ராணி. "நீ இன்னா பண்ணிக்கினு இருந்த அங்க? வாயுள்ள புள்ளதான் பொழைக்கும்னு சும்மாவா சொன்னாங்க? இப்பவே போன் போடு."

போட்டான். வெனிலா ஸ்பீக்கரை அழுத்தி நடுவில் வைத்தாள்.

"அய்யா, லெட்டரு… டார்ச்சுன்னு மட்டும் இருக்குதுங்க. கைப்பட செஞ்சேன்னு ஒரு வரி எழுதுனா…"

"அத எப்பிடிடா எழுதறது? அட்டையெல்லாம் என் முத்திரை. நீ செஞ்சேன்னு நானே எழுதிக் குடுத்தா, நான் இன்னா செஞ்சேன்னு கேக்க மாட்டானா? இருதயம், நான் பொய் எழுதலியே. டார்ச் புடிச்சியா, இல்லியா?"

"புடிச்சேங்கய்யா."

"அப்புறம் இன்னாடா?"

"ஒடம்ப பாத்துக்குங்கய்யா" என்று சொல்லிவிட்டு வைத்தான். அருள்ராணி தலையில் அடித்துக்கொண்டாள். அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. வெனிலா மட்டும், "அப்பிடியே குடுத்துப் பாக்கலாம்ப்பா, பேசிப் பாக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

விமானத்துக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்சி, திண்டிவனத்தில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே மாடியில் இருந்தது. மேனேஜர் தென்னரசுக்கு முப்பது வயது இருக்கும். லெட்டரை ஒரு முறைதான் படித்தார். "அண்ணே, டார்ச் புடிச்ச அனுபவமெல்லாம் டெக்னீசியன் கணக்குல வராதுண்ணே."

"வேலையெல்லாம் நான்தான் சார் செஞ்சேன். வேணும்னா பிளேன் கிட்ட கூட்டிக்கினு போய் நிறுத்துங்க. காத்தாடி சுத்தற சத்தத்த வச்சே இன்னா கோளாறுன்னு சொல்றேன்."

"சொல்லுவீங்கண்ணே, நான் நம்பறேன். பேப்பர் நம்பணுமே." அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட மனிதராகத் தெரியவில்லை. "க்ளீனர் வேலை இருக்கு. அதுக்கு இந்த லெட்டரு தாராளமா போதும். சுத்தமா வச்சிக்குவாருன்னு எழுதியே இருக்காரு. சேந்துக்கறீங்களா?"

பெரியசாமியின் பட்டறையும் லாரியின் மட்கார்டும் இருதயராஜின் மனதில் வந்துபோயின. கூடவே அந்தப் புதுக்குடை வாசனையும் வந்தது. க்ளீனராக இருந்தாலும் விமானம் விமானம்தானே. கையால் தொடலாம்.

"சேந்துக்கறேன் சார்" என்றான்.

அடுத்த திங்கட்கிழமை அதே மாடியில் பயிற்சி. பிளாஸ்டிக் நாற்காலிகளில் பன்னிரண்டு பேர். இவனைத் தவிர எல்லாரும் இருபது, இருபத்திரண்டு. பாடம் எடுக்க வந்தவள் டயானா என்கிற இளம் இன்ஜினியர். சட்டைப்பையில் நாலு பேனா. சுறுசுறுப்பான பெண், நன்றாகவே சொன்னாள். காத்தாடி சுற்றும்போது எங்கே நிற்கக் கூடாது, எந்தக் கதவை எப்படித் திறக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லிவிட்டு, பையிலிருந்து சிவப்புத் துணி உறை ஒன்றை எடுத்தாள்.

இருதயராஜுக்கு உடம்பு சிலிர்த்தது. வெளிநாட்டில் தைத்தது. நல்ல கெட்டித் துணி, நேர்த்தியான தையல், நைலான் வலை. ஆனால் அளவு, ஓட்டை, வலையைச் சுற்றி இரட்டைத் தையல் எல்லாம் ராஜாமணி டெய்லர் கடையில் அவன் கூடவே உட்கார்ந்து தைக்கவைத்தது.

"பிளேன் நிக்கும்போது இத மாட்ட வேண்டியது க்ளீனருங்க வேலை" என்றாள் டயானா. "இந்த வலை எதுக்குன்னு தெரியுமா? குளவி பூராம இருக்கறதுக்கு. உலகம் பூரா இப்ப இதுதான். இத கண்டுபிடிச்சவரு யாரு தெரியுமா? நம்ம விழுப்புரத்துக்காரரு. விருத்தாசலம்னு ஒரு இன்ஜினியர். கை தட்டுங்க அவருக்கு."

பையன்கள் கை தட்டினார்கள். இருதயராஜும் தட்டினான். தட்டாமல் இருந்தால் ஏன் என்று அவள் கேட்பாள்.

ஒரு பைப்புத் துண்டில் உறையை மாட்டிக் காட்டினாள் டயானா. வலை மேல்பக்கம் இருந்தது. இருதயராஜுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து போய், வலை கீழே வரும்படி உறையைத் திருப்பி, மடிப்பை விரலால் நீவிவிட்டான்.

"அட, சூப்பர்ண்ணே!" என்றாள் அவள். "பாத்தீங்களாடா? வயசானவரு, ஒரு தடவ சொன்னதுமே எப்பிடிப் புடிச்சிக்கினாரு!"

அவன் பைப்பிலிருந்து கையை எடுத்தான். சொல்லிவிடலாமா என்று இருந்தது. யார் நம்புவார்கள்? அய்யா பேர் ஊர் உலகமெல்லாம் அச்சாகி இருக்கிறது. அதை எழுத்துக் கூட்டி எழுதிக் கொடுத்தவன் இவன்தானே. திரும்பி நாற்காலியில் வந்து உட்கார்ந்தான்.

கடைசியில் ஒரு நீளமான ரிஜிஸ்தர் சுற்றி வந்தது. ஒரு பக்கம் கற்பித்தவர், அதில் டயானாவின் கையெழுத்து. மறுபக்கம் கற்றுக்கொண்டவர். பையன்கள் கிறுக்கிவிட்டு எழுந்து போனார்கள். இவன் முறை வந்தபோது டயானா பக்கத்தில் வந்து நின்றாள்.

"பேர தெளிவா எழுதுங்கண்ணே. நாளைக்கே ஒரு குளவி உள்ள பூந்து பிளேன் நின்னுச்சுன்னா, யாருக்குச் சொல்லிக் குடுத்தோம்னு இத வச்சித்தான் கேப்பாங்க."

"சரிங்கம்மா" என்றான் இருதயராஜ். அவள் நீட்டிய பேனாவை வாங்கி, கற்றுக்கொண்டவர் என்பதற்குக் கீழே பன்னிரண்டாவது வரியில், மரியஅந்தோணி மகன் இருதயராஜ் என்று ஒவ்வொரு எழுத்தாக எழுதிக் கையெழுத்துப் போட்டான்.